சுணக்கப் பலகை

அபரஞ்சி ஊதுகிற நாயனம் அவள் ஊதி ஒரு நாள் கழித்துத்தான் கேட்கும் என்பதைப் புங்கடித்துறை ஊர் ஒத்துக்கொள்ள ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் காலையில் கோயில் மடைப்பள்ளிச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, அதில் ‘இன்றைய சுணக்கம்: 24 மணி’ என்று எழுதிவைத்துவிட்டு, ஊர் தன்பாட்டுக்கு மீன் வாங்கப் போய்விட்டது.

எல்லாம் ஒரு படிவத்தில் தொடங்கியது. கடலுக்கு வடக்கே கோடிமுனையிலிருந்து தெற்கே புங்கடித்துறைக்கு வாரத்துக்கு மூன்று கப்பல் வரும், அந்தக் கப்பலில் அபரஞ்சியும் அவள் வீட்டுக்காரர் தவில் கோதண்டமும் பன்னிரண்டு வருஷமாகப் பங்குனியில் வந்து திருவிழாவும் கலியாணமும் வாசித்து ஆனி முடிந்து திரும்புவார்கள், அந்தப் பன்னிரண்டு வருஷமும் இரண்டு கரையின் விதிகளும் ஒவ்வொரு தடவையும் வேறொரு கோலத்தில் கிடக்கும். ஒரு வருஷம் அந்தக் கரை நோட்டை இந்தக் கரைக்குக் கொண்டுவரலாம், மறு வருஷம் கொண்டுவந்தால் குற்றம். ஒரு மாதம் சன்மானத்தைப் பணமாகக் கொண்டுபோகலாம், மறு மாதம் பொருளாக மட்டும், அதற்கடுத்த மாதம் பொருளில் எண்ணெய் கூடாது, வித்துக் கூடாது, ஈரம் கூடாது. மூன்று கலியாணத்துச் சம்பளத்தைப் பனங்கிழங்கு ஒடியல் மாவாகச் சுமந்துபோய் ஒரு மழைக்காலம் முழுக்கக் கூழ் குடித்தவர் கோதண்டம். “ஆதி தாளத்துக்கு ஒரு கரண்டி, கண்ட சாப்புக்கு அரைக் கரண்டி” என்று அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பங்குனியில் வந்த புதுப் படிவத்தில் ‘பொருள்’ என்று ஒரு கட்டமும், அதற்குப் பக்கத்தில் ‘பொருளோடு வருவது’ என்று இன்னொரு கட்டமும் இருந்தன. தையல் மெஷினோடு வந்தவர் ‘ஊசி’ என்று எழுதினார். மற்றவர்கள் கோடு கிழித்துவிட்டு நகர்ந்தார்கள். அபரஞ்சிக்கு ஒரு கட்டத்தைச் சும்மா விடுவது தாளத்தில் ஒரு தட்டை விழுங்கிவிட்டுப் போவது மாதிரி. நாயனத்துக்கு நேரே ‘நாதம்’ என்று எழுதினாள், தவிலுக்கு நேரேயும் அதையே எழுதினாள்.

துறையில் சோதனைக்கு இருந்தவர் குலநாயகம் என்பவர். நல்ல மனுஷன், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். அவர் படிவத்தைப் பார்த்தார், நாயனத்தைப் பார்த்தார், உறைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

“நாயனம் இந்தா இருக்கு. நாதம் எங்க, அம்மா?”

“அது உள்ளதான் சார் இருக்கு.”

“உள்ள நான் பாத்திட்டன், ஒண்டும் இல்லையே. காணாத பொருளை நான் என்னண்டு விடுறது?” சற்று யோசித்தார். “சரி, வாத்தியம் போகட்டும். மற்றது சோதினை முடிஞ்சு பின்னால வரும்.” முத்திரையைக் குத்தினார்.

அன்று மாலை கொடியேற்றத்தில் அபரஞ்சி கன்னம் உப்ப ஊதினாள், காற்று போனது, விரல் போனது, சத்தம் வரவில்லை. கோதண்டம் தவிலை அடித்தது தலையணையில் பஞ்சு தட்டுவது போல இருந்தது. மறுநாள் அதே நேரத்துக்கு ஆளில்லாத மண்டபத்தில், விரித்த பாய்கூட இல்லாத வெறும் கல்லின்மேல், முந்தின நாள் மல்லாரி முழுசாக வந்து இறங்கியது. கோயில் பூனை எழுந்து உட்கார்ந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள், “நேத்து வரவேண்டியது இண்டைக்கு வந்திருக்கு” என்றார்கள். அந்த ஊரில் கடிதமும் கப்பலும் மண்ணெண்ணெயும் எத்தனையோ வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தன, அதனால் யாரும் பூ கட்டுவதை நிறுத்தவில்லை.

கப்பலேறி வந்த வாத்தியத்துக்குத்தான் இந்தச் சுணக்கம். ஊர்த் தவிலும் ஊர் நாயனமும் அடித்த கணத்திலேயே கேட்டன. ஆனாலும் திருவிழாவுக்கு ஒத்துக்கொண்ட மேளத்தை எப்படி மாற்றுவது, அபரஞ்சியின் ஆனந்தபைரவியை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று ஊர் கூடிப் பேசி, மாற்றவேண்டியது மேளத்தை அல்ல, நேரத்தை என்று முடிவு செய்தது. கணக்குப் படிப்பித்து ஓய்வெடுத்த இராசமலர் ரீச்சரிடம் பலகை ஒப்படைக்கப்பட்டது. அவர் தினமும் காலையில் துறைக்கு ஆளனுப்பி அன்றைய சுற்றறிக்கையைக் கேட்டு எழுதினார். வெளிநாட்டு நோட்டுக்குக் கட்டுப்பாடு வந்த நாளில் சுணக்கம் முப்பது மணிக்கு ஏறியது, தளர்ந்தபோது இருபத்திரண்டுக்கு இறங்கியது, அரசாங்க விடுமுறையில் சத்தம் அசையவே அசையாது, வெள்ளிக்கிழமை பிற்பகல் வாசித்தது திங்கட்கிழமைதான் வரும். மாறும் விதி எதுவானாலும் அதற்கு முன்பே வாசித்ததைத் தொடாது என்பது மட்டும் இதுவரை கண்ட வழக்கம். சாமி இன்று புறப்பட்டால் மேளம் நேற்றே அந்த வீதி சுற்றி வந்திருக்கும். வெறும் வீதியில் சத்தமில்லாமல் ஊதிக்கொண்டு போகிற இருவரையும் பார்த்து ஆட்கள் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார்கள், நாளைக்குக் கேட்கப்போவதற்கு இன்றைக்கே மரியாதை.

தவறும் நடந்தது. ஒரு கலியாணத்துக்கு முந்தின நாள் வெற்று மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பந்தல்காரர் ஒருவர் சோடா வேண்டுமென்று கடைக்காரனைப் பார்த்து விரலை ஆட்டினார். விரல் ஆடினால் கெட்டிமேளம் என்று முப்பது வருஷம் பழகிய கை. கோதண்டம் பொழிந்து தள்ளிவிட்டார். மறுநாள் மணப்பெண் இன்னும் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது கெட்டிமேளம் வந்து இடித்தது, மாப்பிள்ளை பதறினான், நேரம் தப்பிவிடப் போகிறதே என்று தாலியைக் கொண்டுபோய் முன்னால் இருந்த, தேங்காய் வைத்த நிறைகுடத்தின் கழுத்தில் கட்டிவிட்டான். ஐயர் அவிழ்த்து, மந்திரம் சொல்லி, மறுபடி பெண்ணுக்குக் கட்டவைத்தார். பெண் அவனை இன்றுவரை, “மூத்தவள் தேங்காய்க்காரி சுகமோ?” என்று கேட்கிறாளாம்.

அபரஞ்சிக்கு முதலில் பெரிய குற்றவுணர்வாக இருந்தது. தான் எழுதிய ஒரு சொல்லால் வந்தது என்று கோதண்டத்திடம் சொல்லி அழுதாள். பிறகு ஒரு நாள் கோயிலுக்குச் சும்மா போனாள், பிரகாரத்தில் ஆட்களோடு ஆளாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், நேற்றைய தன் நாயனம் தலைக்கு மேலே வந்து விரிந்தது. ஏழு வயதிலிருந்து ஊதுகிறவள் அன்றுதான் தன்னைக் கேட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கண்ணை மூடியபடியே, “நல்ல வாசிப்பு, ஆனா மேல போய் நிண்டிட்டு இறங்கேக்கை ஒரு அவசரம் இருக்கு, பஸ்சைப் பிடிக்கப் போறமாதிரி” என்றாள்.

“அப்படியா?” என்றாள் அபரஞ்சி.

“கேளுங்கோவன்.”

கேட்டாள். இருந்தது. திருமேனி பல வருஷமாகச் சொல்லி அவள் நம்பாதது அது. திருமேனி அவள் தம்பி, கோடிமுனைக் கோயிலில் நாயனம் வாசிக்கிறவன். “அக்கா, நீ இறங்குறப்போ ஓடுறே” என்பான், “போடா, நீ படியிலேயே தூங்குறே” என்பாள். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு நாளும் போய்த் தன்னைக் கேட்டு, அடுத்த நாள் அந்த இறக்கத்தில் காலை ஊன்றி ஊன்றி வந்தாள். அழுகை நின்றுபோய் வேறொரு கேள்வி வந்தது: இந்த ஒரு நாள் முழுக்க அது எங்கே இருக்கிறது?

துறைக்குப் போய் குலநாயகத்திடமே கேட்டாள். அவர் தகரக் கதவு போட்ட ஒரு கிடங்கைத் திறந்து காட்டினார். உள்ளே உடைந்த தராசு ஒன்று, ஒரு வாளி, அவ்வளவுதான்.

“எனக்குக் கேக்கிறேல்லை, அம்மா. ஆனா இதுக்குப் பக்கத்தில தேத்தண்ணியை வைச்சா, கோப்பை தட்டில நடந்து போகுது. நேத்து மேசையால விழுந்தும் போச்சு.”

கதவைச் சாத்தச் சொன்னாள். தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். தவில் தோலில் மறுபக்கம் அடிக்கும்போது இந்தப் பக்கம் அதிருமே, அப்படி இருந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, “இது செவ்வாக்கிழமை தோடி” என்றாள். குலநாயகமும் வந்து கையை வைத்துப் பார்த்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

இதற்குள் ஆனி மாதம் வந்தது, அபரஞ்சியின் மகள் பூரணிக்குக் கலியாணமும் வந்தது. மாப்பிள்ளை கஜரூபன் அந்த ஊர்த் தவில்காரர் பஞ்சலிங்கத்தின் மகன். போன வருஷத் திருவிழாவில் பூரணி தாளம் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் வேண்டுமென்றே ஒரு தட்டைத் தள்ளி அடித்தான், அவள் தாளத்தை விடாமல் அவனையே பார்த்தாள், அங்கே தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி கலியாணம் புங்கடித்துறைக் கோயிலில். பெண் வீட்டு வழக்கம் இரண்டு: தங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தாலி ஏறும்போது தங்கள் வீட்டு மேளம் ஒலிக்கவேண்டும், அந்த மேளம் எழும்பும் கணத்தில் தாய்மாமன் கையிலிருந்து முதல் மஞ்சளரிசி விழவேண்டும். அபரஞ்சிக்கு அப்படித்தான் நடந்தது, அவள் அம்மாவுக்கும்.

பெண்ணைப் பெற்றவள் தாரை வார்க்கிற நேரத்தில் நாயனம் பிடிக்க முடியாது, பெற்றவர் தவில் அடிக்க முடியாது. மற்ற வருஷமாக இருந்தால் கோடிமுனையிலிருந்து சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகளைக் கூட்டி வந்திருப்பார்கள். இந்த வருஷம் வாத்தியக்காரர் அனுமதி வீட்டுக்கு இரண்டுதான்.

“எங்கட ஆக்கள் பத்துப் பேர் இருக்கினம், சம்மந்தியம்மா,” என்றார் பஞ்சலிங்கம். “நாலு தவில் போட்டுக் கோயிலைத் தூக்கிடுவம்.”

“தூக்கிட்டா சாமி எங்க போய் உக்காரும் சம்மந்தி?” என்றாள் அபரஞ்சி. அவளுக்கு அப்போதே மனசில் வந்துவிட்டது. “எங்க வீட்டு மேளம்தான். முந்தின நாளே வாசிச்சு வச்சுடறோம். அன்னிக்கு நான் வெறுங்கையா என் பொண்ணு பக்கத்துல இருப்பேன், என் நாயனம் தானா வரும்.”

சொன்னபிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆயிரம் கலியாணம் வாசித்தவள், ஒரு கலியாணத்திலும் பெண்ணின் முகத்தைப் பார்த்ததில்லை. கெட்டிமேளத்தின்போது பார்ப்பது ஐயரின் விரலை மட்டும். படிவத்தில் எழுதிய அந்தச் சொல் தனக்காகத்தான் எழுதப்பட்டது போல இருந்தது.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பூரணியும் திருமேனியும் கோடிமுனையில் கப்பலேறினார்கள். இறங்கியது பூரணி மட்டும். துறை வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றவள் அம்மாவைக் கண்டதும் உடைந்துபோனாள்.

“மாமாவைத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா.”

விருந்தாளியாக வந்தும் திருமேனி விடாமல் கொண்டுவந்த நாயனப் பெட்டியில் ஒரு பழைய நோட்டு இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அப்பா இதே புங்கடித்துறையில் முதல்முதலாக வாசித்து வாங்கிய சன்மானம் அது, இரண்டு கரையிலும் இன்றைக்குச் செல்லாது, ஒரு வெற்றிலைகூட வாங்க முடியாது; வாய்வைத்து ஊதுகிற நாணல் சீவாளிகளுக்கு நடுவே பட்டுத்துணியில் சுற்றி வைத்திருப்பான், அதைத் தொடாமல் நாயனத்தை எடுக்கமாட்டான். பணம் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு யாராவது அதைச் சொல்வார்களா? அவன் சொன்னான். சொன்னதோடு நிற்காமல் எடுத்துக் காட்டினான். புது விதியில் செல்லும் நோட்டுகளின் பட்டியல் இருந்தது, செல்லாத நோட்டுகளின் பட்டியலும் இருந்தது, இரண்டிலும் இது இல்லை. விட்டுவிட்டுப் போ என்றார்கள், மாட்டேன் என்றான். வேட்டி முனையில் முடிந்திருந்த மஞ்சளரிசியையும் அவிழ்க்கச் சொல்லிப் பார்த்து, இது வித்து என்றார்கள். அதே கப்பலில் திருப்பி ஏற்றிவிட்டார்கள். திருப்பப்பட்டவர் மறுபடி விண்ணப்பிக்க அறுபது நாள் ஆகவேண்டும்.

“கிறுக்கன், கிறுக்கன்,” என்று போனில் கத்தினாள் அபரஞ்சி. “அந்த நோட்டை ஏன்டா காட்டினே?”

“நீ ‘நாதம்’னு ஏன்க்கா எழுதினே?” என்றான் திருமேனி.

அவள் போனைக் கோதண்டத்திடம் கொடுத்துவிட்டாள்.

“அரிசி போச்சு,” என்று அன்றிரவு கோதண்டத்திடம் சொன்னாள். “மேளம் ஒண்ணுதாங்க இருக்கு. அது தப்பக்கூடாது.”

முகூர்த்தம் வியாழக்கிழமை காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிஷம். பலகையில் அந்த வாரம் முழுக்க இருபத்தாறு மணி. இராசமலர் ரீச்சர் மூன்று தடவை கூட்டி, மூன்று தடவை கழித்து, “புதன்கிழமை எட்டு நாப்பத்திரண்டுக்குக் கெட்டிமேளம். ஒரு நிமிஷம் முந்தினாலும் மாப்பிளை குடத்துக்குக் கட்டுவான்” என்றார்.

புதன்கிழமை காலை மண்டபத்துக் கதவுகளைச் சாத்தினார்கள், சோடாக்காரரும் விரலாட்டக்கூடிய எவரும் உள்ளே வரக்கூடாது என்று பஞ்சலிங்கமே வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். உள்ளே நான்கு பேர். ரீச்சர் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூரணி மணவறைப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தாள், அம்மா கேட்டுக்கொண்டதற்காக. அபரஞ்சி அவளைப் பார்த்தபடி ஆனந்தபைரவியை எடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. கோயிலுக்கு வெளியே யாரோ தேங்காய் துருவுவதுகூடக் கேட்டது. அவள் விரல்கள் மேலே ஏறின, மேலே போய் நின்றன, அங்கே நின்று மகளுக்கு ஆறு வயதில் விழுந்த முன்பல்லையும் பத்து வயதில் வந்த காய்ச்சலையும் நினைத்தன, பிறகு ஒவ்வொரு படியாக, எந்தப் பஸ்சையும் பிடிக்கவேண்டியதில்லாமல், இறங்கின. ரீச்சர் விரலை ஆட்டினார். கோதண்டம் கண்ணீர் சொட்டச் சொட்ட அடித்தார், தூசி பறந்தது, சத்தம் மட்டும் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை துறையிலிருந்து வந்தவர்கள், குலநாயகத்தின் தேத்தண்ணிக் கோப்பை மூன்று உடைந்ததாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை விடிந்து ஆறு மணிக்கு அதே குலநாயகம் சைக்கிளில் வந்து இறங்கினார், கையில் ஒரு தாள், மூச்சு வாங்கியது.

“அம்மா, சுணக்கம் இல்லை. இண்டைக்குக் காலைமையில இருந்து எடுத்திட்டாங்கள். நோட்டுக் கட்டுப்பாடு, படிவத்தில இருந்த ரெண்டாம் கட்டம், எல்லாம் ரத்து.”

அபரஞ்சி நாயனத்தை எடுத்து ஒரே ஒரு சட்ஜத்தை ஊதினாள். அது உடனே கேட்டது. நான்கு மாதத்துக்குப் பிறகு வாயிலிருந்து புறப்பட்டதே காதில் விழுந்ததும் திடுக்கிட்டுப்போய் உறையில் போட்டாள்.

“அப்ப நேத்து வாசிச்சது?”

“அதைத்தான் பாத்தன். வழியில இருக்கிறதைப் பற்றி இதில ஒரு சொல்லும் இல்லை. மிசின்ல தாள் முடிஞ்சு போச்சு, ரெண்டாம் பக்கம் வரேல்லை.”

“கிடங்குல இருக்கா?”

“கையை வைச்சுப் பாத்தன்.” குலநாயகம் செருப்பைப் பார்த்தார். “தகரம் சும்மா தகரமா இருக்கு.”

கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டது. புறப்பட்டிருக்கும், வழியில் வருகிறது என்றார்கள் சிலர். கலைந்துபோயிருக்கும் என்றார்கள் சிலர். “போனில பாட்டுப் போடுவம்” என்ற ஒருவரைப் பஞ்சலிங்கம் பார்த்த பார்வையில் அவர் போனை மடியில் செருகிக்கொண்டார். விதி முன்பே வாசித்ததைத் தொடாதென்று ரீச்சர் மட்டும் உறுதியாகச் சொன்னார், ஆனால் பலகையில் என்ன எழுதுவதென்று தெரியாமல் சுண்ணக்கட்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

“நாங்கள் வாசிக்கட்டே, சம்மந்தியம்மா?” என்று பஞ்சலிங்கம் மெதுவாகக் கேட்டார், இந்தத் தடவை பகிடி இல்லாமல்.

“நீங்க வாசிக்கும்போது அதுவும் வந்துட்டா ரெண்டும் மோதிக்கும். பொறுங்க சம்மந்தி. அது வரும்.”

“சரி. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறம்.” கோயிலுக்குள் தவிலை மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்காருவது தவில்காரனுக்கு என்ன பாடு என்று கோதண்டத்துக்குத் தெரியும், அவர் பஞ்சலிங்கத்தின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார்.

சடங்குகள் நடந்தன. அபரஞ்சி பித்தளைச் செம்பைச் சாய்த்துத் தாரை வார்த்தாள், தண்ணீர் கோதண்டத்தின் கையிலிருந்து பூரணியின் கைக்கும் அங்கிருந்து கஜரூபனின் கைக்கும் இறங்கியது. நாயனம் உறையோடு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வாசிக்க அல்ல, விட்டுவிட்டு வர மனமில்லாமல். தாலி தட்டில் சுற்றி வந்தது. கஜரூபன் எடுத்தான். மணி பத்து நாற்பத்திரண்டு. ஐயர் விரலை ஆட்டினார்.

“கெட்டிமேளம், கெட்டிமேளம்!”

ஒன்றும் வரவில்லை.

ஊர் முழுக்கத் துறை இருக்கும் வடக்குப் பக்கம் தலையைத் திருப்பியது. கஜரூபனின் கை பூரணியின் கழுத்துக்கு இரண்டு பக்கமும் அப்படியே நின்றது. ஐயர் மறுபடி விரலை ஆட்டினார், அந்த விரலுக்குக் கீழே கோதண்டத்தின் உள்ளங்கைகள் தன் தொடையிலேயே துடித்தன. அபரஞ்சி மனசுக்குள் தாளம் போட்டாள். ஓர் ஆவர்த்தனம் காத்திருப்பது, அதற்குமேல் இல்லை. எட்டு எண்ணினாள். அந்த எட்டிலும் அவள் பார்த்தது மகளின் முகத்தை மட்டும். பூரணி பயப்படவில்லை, கண்ணைத் தாழ்த்தியபடி, மடியில் வைத்த கையின் விரலால், அம்மாவோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

எட்டு முடிந்தது. உறை அவிழ்ந்தது. சீவாளி காய்ந்து கிடந்தது, காய்ந்த சீவாளி பேசாது. தாரை வார்த்த செம்பில் மிஞ்சியிருந்த தண்ணீரில் அதை முக்கி எடுத்துச் செருகினாள்.

“அடியும், சம்மந்தி!” என்று பஞ்சலிங்கம் தன் தவிலைக் கோதண்டத்தின் மடிக்குத் தள்ளினார்.

பெண்ணைப் பெற்ற இரண்டு பேரும் மணவறையிலேயே, பட்டும் சந்தனமும் ஈரக் கையுமாக உட்கார்ந்து வாசித்தார்கள். அப்படி ஒரு கெட்டிமேளத்தை அந்த ஊர் கேட்டதில்லை. தாலி ஏறியது, அரிசி எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரேயடியாக வந்து விழுந்தது, யார் கை முதல் என்று யாரும் பார்க்கவில்லை. அபரஞ்சி பார்த்தாள்; தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கு நின்றது.

பந்தி போட்டபிறகும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டு மேளம் நடந்துவிட்டதே என்றார் கோதண்டம். நடந்தது என்றாள். பிறகு, “அது நல்லா இருந்துச்சுங்க, நேத்து வாசிச்சது. ஒருத்தருமே கேக்காம போச்சே” என்றாள்.

இலைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. திருமேனி.

“அக்கா.” காற்றின் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னான். “துறைமுகத்துல இருக்கேன்க்கா. அங்கே வர முடியாதுன்னாலும் முகூர்த்தத்துக்கு இங்கேயாவது நிக்கலாம்னு வந்தேன். தெக்கே பாத்து நின்னேன். நோட்டு மடியில இருக்கு. அரிசி கையில இருக்கு.”

“சாப்பிட்டியாடா?”

“கேளுக்கா. ஆனந்தபைரவி வந்துச்சு. கடல் மேலேர்ந்து. மீன் ஏலம் நின்னுபோச்சு, லோடு ஏத்துறவங்கள்லாம் நின்னுட்டாங்க. அத்தான் தவிலு இருக்கே, படகெல்லாம் கட்டுக்கயித்துல ஆடுச்சு.”

அபரஞ்சி எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். “நேத்து வாசிச்சது அங்கே போயிருக்கு,” என்றாள் பந்தி முழுவதற்கும் கேட்கும்படி. “கோடிமுனைக்குப் போயிருக்கு!”

நான்கு இலை தள்ளி இராசமலர் ரீச்சர் குலநாயகத்தை முழங்கையால் இடித்தார். “வராத ரெண்டாம் பக்கத்தில அதுதான் இருந்திருக்கும். நிறுத்திவைச்சதெல்லாம் வந்த துறைக்கே திருப்பி அனுப்பு எண்டு.”

“இருக்கும், ரீச்சர்,” என்றார் குலநாயகம், வாயில் வடையோடு, நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டு.

“நீ இறங்குறப்போ ஓடலேக்கா,” என்றான் திருமேனி. “ஒரு படிகூட ஓடலே. கெட்டிமேளம் எழும்புச்சா, எனக்கு வேறே ஒண்ணும் தோணலே, பொண்ணு எதிர்ல இருக்கிற மாதிரி அரிசியைப் போட்டுட்டேன். கடல்ல விழுந்துடுச்சு. தப்பா?”

“எத்தனை மணிக்குடா?”

“ஏன்?”

“சொல்லு. எத்தனை மணிக்கு?”

“துறைமுகத்துக் கடிகாரத்துல பத்து நாப்பத்திரண்டு. சரியா.”

அபரஞ்சி கண்ணை மூடிக்கொண்டு, காலையில் எண்ணிய எட்டையும் இன்னொரு தடவை எண்ணினாள், சீவாளியைத் தண்ணீரில் முக்கிய நேரத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

“நாங்க இங்கே ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்டா,” என்றாள். “உன் அரிசிதான் முதல்ல விழுந்திருக்கு.”

பிறகு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.